தொகுப்பியா, திருத்தியா? கோட் எடிட்டருக்கு ஒரு சொல்

வணக்கம்.

நிரலை எழுதவும் மாற்றவும் உதவும் மென்பொருளான கோட் எடிட்டருக்கு 'நிரல் தொகுப்பி' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த மடற்குழுவில் பலரும் சொல்லிவருகிறீர்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். சென்னை வியாசர்பாடியில் நாங்கள் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

சி என்ற நிரல்மொழிக்கான முதல் பாடத்தாளை நான்தான் எழுதினேன். 'தொகுப்பியை நிறுவிக்கொள்ளவும்' என்பது அதன் முதல் வரி. ஒரு பையன் வி.எஸ். கோட் என்ற எடிட்டரை நிறுவி, ஐந்து வரி எழுதி, ஓட்டிப் பார்த்தான். ஜி.சி.சி. கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. ஜி.சி.சி. என்பது ஒரு கம்பைலர், அதாவது நாம் எழுதிய நிரலை எந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள். தாளின் பின்பக்கம் பார்த்தால், 'தொகுப்பி இல்லாவிட்டால் இந்தப் பிழை வரும்' என்று நானே எழுதியிருக்கிறேன். "தொகுப்பிதான் போட்டாச்சேண்ணா, இன்னும் இல்லன்னே சொல்லுது?" என்றான். முன்பக்கம் எடிட்டர், பின்பக்கம் கம்பைலர், இரண்டுக்கும் ஒரே சொல். அரை மணி நேரம் அந்தப் பிள்ளை தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எப்படி இப்படி ஆனது என்பது தெரிந்ததுதான். விக்கிப்பீடியாவில் பக்கத்தை மாற்றும் பொத்தானுக்குத் 'தொகு' என்று பெயர். அந்த வழியில் எடிட்டர் தொகுப்பி ஆனது. சிதறிக் கிடந்த பாடல்களைச் சேர்த்தால் தொகை நூல். அந்த வழியில் கம்பைலரும் தொகுப்பி ஆனது. உண்மையில் கம்பைலர் எதையும் சேர்ப்பதில்லை. மனிதர் எழுதியதை எந்திரத்துக்குப் பெயர்த்துக் கொடுக்கிறது. 'நிரல்பெயர்ப்பி' அதற்குக் கச்சிதமான சொல். (துண்டு துண்டான கோப்புகளை ஒன்றாக்கும் லிங்கருக்கு வேண்டுமானால் தொகுப்பி பொருந்தும். அது வேறு மடலுக்கு.)

எடிட்டருக்கு நான் முன்வைப்பது 'நிரல் திருத்தி'.

"திருத்தி என்றால் பிழையைச் சரிசெய்வது மட்டும்தானே ஐயா?" என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் தெருமுனையில் முடிதிருத்தகம் இருக்கிறது. தலையில் பிழை இருப்பதாக நினைத்து யாரும் அங்கே போவதில்லை. காட்டை வெட்டி மேடு பள்ளம் நிரவி வயலாக்குவதையும் நிலம் திருத்துவது என்றே சொல்கிறோம். இருப்பதை வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவதுதான் திருத்துவது. பிழை மட்டும் என்றால் 'பிழைதிருத்தி' என்று பிழையை முன்னால் வைத்தே சொல்லிவிடுகிறோமே.

'நிரலெழுதி' என்ற பரிந்துரையும் நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க நிரலோடு இருப்பவர்களைக் கேளுங்கள்: புதிதாக எழுதுவது கொஞ்சம், இருப்பதைப் படித்து மாற்றுவதே அதிகம். 1976இல் பில் ஜாய் எழுதிய வி.ஐ., அதன் வழியில் 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் ஆகிய இரண்டு எடிட்டர்களும் இதற்கு ஏற்றவை. விம்மைத் திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழாது. ஒரு சொல்லை நீக்கு, ஒரு வரியை நகலெடு என்று விசைகள் கட்டளைகளாகவே வேலை செய்யும். எழுத வேண்டுமானால் அதற்கான நிலைக்கு நாமாக மாற வேண்டும். திருத்துவதுதான் அதன் இயல்பு நிலை. இப்போது செயற்கை நுண்ணறிவே பக்கம் பக்கமாக நிரலை எழுதித் தருகிறது. மனிதருக்கு மிஞ்சும் வேலை இன்னும் கூடுதலாகத் திருத்துவதே.

புணர்ச்சி பற்றி ஒரு சொல். கல்லும் தூணும் கற்றூண் ஆவதுபோல இது 'நிரற்றிருத்தி' ஆக வேண்டும். அப்படி எழுதினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். இடைவெளி விட்டு எழுதுவோம்.

எடிட்டர், கம்பைலர், பிழை தேடும் கருவி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் ஐ.டி.இ.க்கு 'ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல்' என்று நீட்ட வேண்டாம், 'நிரல் பட்டறை' போதும். பயிற்சிப் பட்டறையோடு குழம்பாதா என்றால், முன்னால் 'நிரல்' இருக்கும்வரை குழம்பாது. எங்கள் பிள்ளைகள் பலருடைய அப்பாக்கள் லேத் பட்டறையில் வேலை செய்பவர்கள். அரம் ஒன்றைக் கையில் எடுத்துப் போவதற்கும், லேத், டிரில், கிரைண்டர் எல்லாம் நிற்கும் பட்டறைக்குள் நுழைவதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

சொல் பிரிந்ததும் எதை நிறுவுவது என்ற கேள்வியும் தெளிந்தது. வி.எஸ். கோட் ஒரு திருத்தி. நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) சேர்க்கச் சேர்க்கப் பட்டறையாகும். ஆனால் அது எலக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டியது, உள்ளே குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியமே முழுதாக ஓடுகிறது. எங்களிடம் இருப்பவை 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினிகள். அவற்றுக்கு நினைவகம் குறைவாகக் கேட்கும் ஜீனி (Geany) என்ற திருத்தியைத் தேர்ந்தோம். எந்தத் திருத்தியை எடுத்தாலும் நிரல்பெயர்ப்பியைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதைத் தாளின் முதல் வரியாக்கிவிட்டேன்.

வரும் ஞாயிறு வகுப்புக்கு இந்த மூன்று சொற்களோடு புதிய தாளை அச்சிடுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.