நாய் மேல கொஞ்சம், செவுத்துக்குள்ள நெறைய

குழு: பெரியதோட்டத்துச் சொந்தங்கள்

கௌசல்யா (காங்கேயம்), காலை 9:12
எல்லாருக்கும் வணக்கமுங்க. மணிக்கு உண்ணி தாங்கல. நாட்டு நாய்தானுங், 3 வயசு, 18 கிலோ. காதுக்குள்ள, வெரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில கொத்துக் கொத்தா இருக்குது. உண்ணி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுனா ரெண்டு நாள் சுத்தமா இருக்கறான், அப்பறம் பழையபடியே. மாட்டுக்கு வாங்குன உண்ணி ஊசி மருந்து அரைப் பாட்டில் மீதி கெடக்குது. அதையே இவனுக்கும் கொஞ்சம் போட்டுடலாமான்னு இவங்க கேக்கறாங்க.

செந்தில் மாமா (நாமக்கல்), 9:20
வேண்டாம் கண்ணு. அந்த ஊசியைத் தொடவே வேண்டாம். அது ஐவர்மெக்டினா இருக்கும். பாட்டில்ல 1 சதம்னு போட்டிருந்தா 1 மி.லி.யில 10 மி.கிராம் மருந்து, மாட்டுக்கு 50 கிலோ எடைக்கான அளவு. நாய்க்கு இதயப்புழு வராம இருக்க மாசம் ஒருக்கா குடுக்கற அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். மணிக்குக் கண்ணளவுல 1 மி.லி. ஏத்துனா கிலோவுக்கு 550ஐத் தாண்டிரும். நடுக்கம், கண்ணு தெரியாமப் போறது, மயக்கம்னு கொண்டு போய் உட்டாலும் உட்டுரும். கோலிங்கற நாய் மாதிரி சில இனத்துக்கு அதைவிடக் கொறைஞ்ச அளவுலயே மூளைக்கு ஏறிடும்.

செந்தில் மாமா, 9:23
ஷாம்பு அன்னைக்கு மேல இருக்கறதை மட்டுந்தான் கொல்லும். காஞ்சதும் அதோட வேலை முடிஞ்சுது. நாய் உண்ணி குஞ்சா ஒருக்கா ஏறி ரத்தம் குடிச்சுட்டு எறங்கும், தோல் உரிச்சு மறுபடி ஏறும், பெருசானதும் மூணாந்தடவை ஏறும். மீதி நாளெல்லாம் நாய் படுக்கற எடத்துலதான் அதுக்குக் குடித்தனம். பொட்டை உண்ணி ரத்தம் குடிச்சு ஆமணக்குக் கொட்டையாட்டம் ஊதுனதும் கீழ உழுந்து, சந்துல போய் ஆயிரக்கணக்குல முட்டை வெச்சுட்டுச் சாகும். இந்த வெயிலுக்கு அது சீக்கிரம் பொரிச்சுரும்.

பழனிச்சாமி பெரியப்பா (தாராபுரம்), 9:31
அம்மணி, எல்லாருந் தரையைத்தான் கழுவறாங்க. இந்த உண்ணி மேல ஏறற சாதி. ராத்திரி 8 மணிக்கு மேல டார்ச் அடிச்சுச் செவுத்தைப் பாரு. சாளை ஓட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்கு, தூணுல வெடிப்பு, கதவு நெலவுக்குப் பின்னாடி, கயித்துக் கட்டலோட முடிச்சு, நாய் படுக்கற சாக்குக்கு அடியில. செவுத்துல கோடு போட்டாப்புல ஏறிட்டு இருக்கும்.

கௌசல்யா, 9:34
சாக்கு மேலதானுங் பெரியப்பா படுப்பான். மாட்டுத்தீவனம் வந்த பழைய சாக்கு.

பழனிச்சாமி பெரியப்பா, 9:40
அந்தச் சாக்கை இன்னைக்கே எரிச்சுப்போடு. ஒதறிக் காயப்போடறதெல்லாம் ஆகாது. அதுக்குப் பதிலா பழைய வேட்டி விரி, வாரம் ஒருக்கா கொதிக்கற தண்ணியில முக்கி அலசுனாப் போதும். செவுத்து வெடிப்பைச் சிமெண்ட்டு வெச்சு மூடிப்போட்டு அப்பறம் சுண்ணாம்பு அடி. வெடிப்பை மூடாம வெறும் சுண்ணாம்பு அடிச்சா உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது.

கார்த்தி (கோவை), 9:42
மாமா, உங்கூர்க் கோழிப் பண்ணையில தீ வெச்சு ஓட்டுவாங்களே, அந்த ஃப்ளேம் கன் இதுக்கு ஆகுமா?

செந்தில் மாமா, 9:47
கல்லுச் செவுரு, சிமெண்ட்டுத் தரைக்கு அதுதான் நல்லா வேலை செய்யும், முட்டையும் பொசுங்கிரும். ஓலைச் சாளை, வைக்கப்போர், மரத்தூண் பக்கம் கொண்டே போகாதீங்க. அங்கெல்லாம் தெளிக்கற மருந்துதான். டெல்டாமெத்ரின் கால்நடை மருந்துக் கடையில கெடைக்கும், பாட்டில் மேல கொட்டகைக்குன்னு போட்டிருக்கற அளவுக்குத் தண்ணி கலக்கோணும். அளவைக் கூட்டுனா சீக்கிரம் சாகும்னு நெனைக்கக் கூடாது. தெளிக்கறப்ப நாய், மாடு, கோழி, தீவனம், தண்ணித்தொட்டி எல்லாத்தையும் அக்கட்டால கொண்டு போயிருங்க. நல்லாக் காஞ்சதுக்கப்பறந்தான் உள்ள உடோணும். அந்த மருந்து முட்டையைக் கொல்லாது, அதனால 15 நாள் கழிச்சுப் பொரிச்சு வர்றதுக்கு இன்னொருக்கா அடிக்கோணும். இந்த ரெண்டாவது தடவையை உட்டுப்போட்டுத்தான் மருந்து சரியில்லைங்கறாங்க.

சுமதி அத்தை (கோபி), 9:50
பூனை இருந்தா ரொம்பச் சாக்கரதை கௌசி. அந்த வகை மருந்து பூனைக்கு வெசம். நாய்க்குன்னு வாங்கற கழுத்துல ஊத்தற சொட்டு மருந்துல பெர்மெத்ரின்னு இருந்தா அதையும் பூனைக்கிட்ட அண்ட உடாத. மீன் உட்ட தொட்டிக்கும் ஆகாது.

கௌசல்யா, 9:53
பூனை இல்லீங் அத்தை. மணிக்கு மேல என்ன போடறது?

செந்தில் மாமா, 9:58
எடைக்கு ஏத்த மாத்திரை வருது. அஃபாக்சோலனர் மாசம் ஒண்ணு, ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கு ஒண்ணு. எடை போட்டுட்டு வாங்கோணும். சோத்தோட குடு, வெறும் வயித்துல வேண்டாம். வலிப்பு வந்த நாயா இருந்தா டாக்டரைக் கேக்காமக் குடுக்கக் கூடாது. இன்னொண்ணு, உண்ணி கடிச்சு ரத்தத்தை உறிஞ்சுனாத்தான் அந்த மருந்து அதுக்குள்ள போகும். மாத்திரை குடுத்த பின்னாலயும் புதுசா ஏறும், ஒண்ணு ரெண்டு நாள்ல செத்து உழும். அதைப் பாத்துட்டு மாத்திரை வீண்னு சொல்லி மேல இன்னொரு மருந்தை ஊத்திரப்படாது.

சுமதி அத்தை, 10:02
இப்ப இருக்கறதைக் கையில புடுங்கி நகத்துல நசுக்காத. நசுக்குனா அதோட ரத்தம் உன் வெரல் வெடிப்புல பட்டுரும். புருவம் எடுக்கற ட்வீசர்ல கூரான சாதி இருக்குமல்லோ, அதை எடுத்து உண்ணியோட வயித்தைப் புடிக்காமத் தோலை ஒட்டி வாய்ப் பக்கத்தைப் புடி. திருகாம நேரா, வெடுக்குனு இல்லாம நெதானமா இழு. சோப்புத் தண்ணி டப்பாவுல போட்டு மூடு. வாய் உள்ள நின்னுட்டா நோண்டாத, டெட்டால் தண்ணியில தொடைச்சு உடு, தானா வெளிய வந்துரும். மண்ணெண்ணெய், ஃபினாயில் தடவறது வேண்டவே வேண்டாம். தோல் வெந்துரும், நக்குனா உள்ளயும் போயிரும்.

கௌசல்யா, 10:05
சரிங் அத்தை. இப்ப இன்னொண்ணு. நேத்துப் பொழுதோட இருந்து சோறு தொடல. வெயில்னு நெனைச்சோம். கூப்புட்டா வாலு ஆட்டறான், எந்திரிக்க மாட்டேங்கறான்.

சுமதி அத்தை, 10:06
இதை மொதல்ல சொல்லோணும் கண்ணு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாரு. வெரல்ல அமுத்தி எடு, வெளுத்த எடம் ரெண்டு நொடிக்குள்ள செவக்கோணும். அடிவயித்துல, காதுக்கு உள்பக்கம் ஊசி குத்துனாப்புல செவப்புப் புள்ளி இருக்குதான்னு பாரு. மூக்குல ரத்தம் வந்துதா? மூத்தரம் என்ன நெறம்?

செந்தில் மாமா, 10:08
காய்ச்சலும் பாரு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில தேங்காயெண்ணெய் தொட்டு ஆசனவாய்ல ஒரு அங்குலம் உட்டு, சத்தம் வர்ற வரைக்கும் புடி. ஒருத்தரு தலையை அணைச்சுக்கோணும். 101ல இருந்து 102.5 வரைக்கும் நாய்க்குச் சரியான சூடு. மூக்கைத் தொட்டுப் பாத்துச் சொல்லக் கூடாது.

கௌசல்யா, 10:27
104.2 மாமா. ஈறு வெளுப்பா இருக்குது. அடிவயித்துல நாலஞ்சு செவப்புப் புள்ளி. மூத்தரம் மஞ்சளாத்தான் போறான்.

செந்தில் மாமா, 10:30
உண்ணிக் காய்ச்சலாத்தான் தெரியுது. பொழுதோட பாத்துக்கலாம்னு இருக்காத, இப்பவே கெளம்பு. ரத்தம் எடுத்து, அதை உறைய வெக்கற தட்டணுக்கள் எண்ணிக்கை பாக்கச் சொல்லு, காது நுனியில ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில தேச்சும் பாக்கச் சொல்லு. எர்லிக்கியா, பேபீசியான்னு உண்ணி ரத்தத்துல ஏத்தற கிருமி ரெண்டு இருக்குது. எர்லிக்கியான்னா டாக்ஸிசைக்ளின் மாத்திரை. பேபீசியான்னா வேற ஊசி, அதுல மூத்தரம் கடுங்காப்பி நெறத்துல போறது உண்டு. ஒரே உண்ணி ரெண்டையும் ஏத்திவுட்டுரும். அதனால சோதனை பண்ணாம மாத்திரை மட்டும் வாங்கிட்டு வராத. அங்க ரத்தச் சோதனைக்கு வசதி இல்லைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துரு, நான் வந்து நிக்கறேன்.

கார்த்தி, 10:32
போறதுக்குள்ள ஒரு பாராசிட்டமால் குடுத்தாக் காய்ச்சல் எறங்காதுங்களா?

செந்தில் மாமா, 10:33
கூடவே கூடாது. நாயோட ஈரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் அதைவிட மோசம், வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும். தட்டணு கொறைஞ்ச நாய்க்கு அந்தக் கசிவு நிக்காது.

சுமதி அத்தை, 10:41
டாக்ஸி எழுதிக் குடுத்தா 28 நாள்னு சொல்லுவாங்க. மூணு நாள்லயே எந்திரிச்சு ஓடுவான், வாலாட்டிட்டுத் திம்பான். அங்க நிறுத்துனா கிருமி ஒடம்புக்குள்ளயே பதுங்கிக்கும், சில மாசங் கழிச்சுத் திரும்பறப்ப மருந்துக்குச் சீக்கிரம் கேக்காது. நம்ம ஊட்டுல எல்லாருமே மாத்திரையைத் தயிர்சோத்துல வெச்சுத்தான் குடுப்போம். இந்த மாத்திரைக்கு அது ஆகாது. பால், தயிருல இருக்கற சுண்ணாம்புச் சத்து மருந்தைப் புடிச்சு வெச்சுக்கும், ஒடம்புல முழுசாச் சேராது. கோழிக்கறித் துண்டுல பொதிச்சுக் குடு, பின்னாலயே தண்ணி குடிக்க வெய்யி. தொண்டையில ஒட்டி நின்னா அங்கயே புண்ணாக்கிப்போடும்.

பழனிச்சாமி பெரியப்பா, 10:44
பப்பாளித் தழைச் சாறு குடுத்தா ரத்தம் ஏறும்ங்கறாங்களே சுமதி?

சுமதி அத்தை, 10:48
டாக்டர் சரின்னா கூடச் சேத்துக் குடுக்கலாமுங்க அண்ணா. அதை நம்பி மாத்திரையை நிறுத்தப்படாது, கசப்புல வாந்தி எடுத்தா மாத்திரையும் சேந்து வெளிய வந்துரும்.

கௌசல்யா, 10:50
ஆட்டோ சொல்லியாச்சுங். வந்த பின்னால சோறு என்ன குடுக்கறதுங் அத்தை?

சுமதி அத்தை, 10:56
தோல் உரிச்ச கோழி, எலும்பில்லாம, உப்பு காரம் இல்லாம வேகவெய்யி. அந்தத் தண்ணியிலயே சோத்தைக் கொழைய வடிச்சு, அரசாணிக்காய் (பரங்கிக்காய்) ஒரு துண்டு மசிச்சுப் போடு. நல்லா இருக்கறப்ப அவன் எடைக்கு நாளைக்குக் கோழி கால் கிலோ, சோறு 300 கிராம் வரைக்கும் ஆகும். இப்ப அதுல பாதி எறங்குனாலே பெரிசு. ஒரே வேளையா வெக்காம அஞ்சு பங்கா வெய்யி, வெதுவெதுன்னு இருந்தா வாசனைக்கு வருவான். நாம திங்கற கொழம்புச்சோறு ஒரு கவளங்கூட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயோட செவப்பணுவை ஒடைக்கும். நல்ல நாய்க்கே ஆகாது, ஈறு வெளுத்துக் கெடக்கறவனுக்கு என்னாகும் பாரு. வேகவெச்ச கோழி எலும்பும் போடாத, சில்லுச் சில்லா ஒடைஞ்சு கொடலைக் குத்தும்.

கௌசல்யா, 10:59
சரிங். டாக்டர்கிட்ட என்னென்ன சொல்லோணும்?

செந்தில் மாமா, 11:02
எடை, எப்ப இருந்து திங்கல, 10:27க்குப் பாத்த சூடு, ஷாம்பு போட்ட தேதி, வெறிநாய்த் தடுப்பூசி எப்பப் போட்டது. இவ்வளவையும் ஒரு தாள்ல எழுதிக்க. ஷாம்புப் பாட்டிலை போட்டோ எடுத்துக்க. அதுல என்ன மருந்துன்னு பாத்துட்டுத்தான் மாத்திரை எழுதுவாங்க.

பழனிச்சாமி பெரியப்பா, 11:04
நீ போயிட்டு வா அம்மணி. சாளைக்கு ஆள் கூட்டிட்டு நான் வர்றேன். சிமெண்ட்டு வாங்கி வெச்சராத, எங்கிட்ட அரை மூட்டை இருக்குது. மணியை இன்னைக்கு ராத்திரி அங்க கட்டாத, ஊட்டுத் திண்ணையில படுக்கட்டும்.

சுமதி அத்தை, 11:05
ஆட்டோவுல வாயை இறுக்கிக் கட்டாத கௌசி. நாய் வாயைத் தொறந்து எளைச்சுத்தான் சூட்டை எறக்கும். கடிச்சுருவான்னு பயமா இருந்தா வாய் தொறக்கற மாதிரி இருக்கற கூடை முகமூடி போடு. அடிவயித்துலயும் பாதத்துலயும் ஈரத்துணி வெய்யி, ஐஸ் தண்ணி வேண்டாம், கொழாத் தண்ணி போதும். குடிக்கத் தண்ணி ஒரு கிண்ணத்துல எடுத்துக்க.