லாரி பி. வழக்கை வகுப்பில் எப்படி எடுப்பது?

வணக்கம். உளவியல் ஆலோசனை படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அடுத்த வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, உளவியல் தொழிலில் இனப்பாகுபாடு.

போன வருடம் கார்ட்ரைட் கதையில் ஆரம்பித்தேன். தப்பியோடும் அடிமைகளுக்கு 'டிராபெட்டோமேனியா' என்று 1851இல் ஒரு நோயையே உண்டாக்கிய அமெரிக்க மருத்துவர். பிள்ளைகள் சிரித்தார்கள், "அதெல்லாம் அந்தக் காலம் மேடம்" என்றார்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை லாரி பி. வழக்கு. சான்பிரான்சிஸ்கோ பள்ளிகள் கறுப்பினக் குழந்தைகளை ஐக்யூ மதிப்பெண்ணைப் பார்த்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டன. கறுப்பின உளவியலாளர்கள் அதே குழந்தைகளை அவர்களுக்குப் பழகிய பேச்சில் மறுபடி சோதித்தார்கள். மதிப்பெண் அந்த வகுப்புக்கான வரம்பைத் தாண்டியது. 1979இல் நீதிபதி பெக்காம், அந்தச் சோதனைகள் பாரபட்சமானவை என்று தீர்ப்பளித்தார். முதலில் சோதித்தவர்கள் சோதனைக் கையேட்டின்படிதான் செய்திருப்பார்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். இனப்பாகுபாட்டில் தனக்கிருந்த பங்குக்கு அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்க 2021 ஆகிவிட்டது.

இங்கே பள்ளிகளிலோ மருத்துவமனையிலோ சோதனை எடுப்பவர்கள் யாராவது உதவ முடியுமா? குழந்தையின் ஊர், சாதி, வீட்டுப் பேச்சு காரணமாக மதிப்பெண்ணை நம்பாமல் நிறுத்தி யோசித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பெயர், அடையாளம் எதுவும் வேண்டாம். அறிக்கையில் அதை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்பதுதான் முக்கியமாக வேண்டும். அப்புறம், 'ஆன்டிரேசிஸ்ட்' என்பதற்கு 'இனவெறி எதிர்ப்பு' கொஞ்சம் கோஷம் போல ஒலிக்கிறது. வேறு நல்ல சொல் இருக்கிறதா?