புதுப்பிப்பு: பாலில் போட்டுக் கொண்டுபோன பல்

கிரிக்கெட் பந்து பட்டு என் மகனின் முன்பல் வேரோடு விழுந்ததையும், எவர்சில்வர் டம்ளரில் பச்சைப் பாலை ஊற்றி அதில் போட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடியதையும் மூன்று வாரம் முன்னால் எழுதியிருந்தேன். திரும்பப் பொருத்திய பல் நிற்கிறது! பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டியிருந்த மெல்லிய கம்பியை இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். வேர் சிகிச்சை நடக்கிறது.

"தண்ணீரே போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவரிடம் கேட்டேன். வேரின்மேல் ஈரமாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கிறதே, அதிலுள்ள செல்கள்தான் பல்லை எலும்போடு திரும்பப் பிணைக்கின்றன. வெறும் தண்ணீரில் அவை நீரை இழுத்து உப்பி வெடித்துவிடும். பாலின் உப்புச்சத்து அவற்றுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. செல்களை உயிரோடு வைத்திருக்கும் ஹேங்க்ஸ் கரைசல் என்ற உப்புக் கரைசல் ஒன்று உண்டு, ஆனால் மைதானத்தில் அது யாரிடம் இருக்கும்? பால் இல்லையென்றால் எச்சில். காயவிடுவதுதான் படுமோசம், ஒரு மணி நேரம் உலர்ந்தால் செல்கள் பெரும்பாலும் செத்துவிடும்.

அப்புறம், வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, அங்கேயே குழியில் பொருத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்ததாம். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. பால்பல்லாக இருந்தால் மட்டும் பொருத்தக் கூடாது.