மறு: [கலைச்சொல்] கஹ்வா, தல்லா, ஃபின்ஜான்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

அரபு நாடுகளில் விருந்தினருக்குத் தரும் காப்பியான கஹ்வா, அதை ஊற்றும் பாத்திரமான தல்லா, குடிக்கும் கிண்ணமான ஃபின்ஜான் இவற்றுக்கு நம் அகராதியில் என்ன சொல் வைப்பது என்ற இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். ‘அரபுக் காப்பி’ என்று ஒரு பதிவு போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்று பலரும் நினைப்பது தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அரபுக் காப்பி என்றே போடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு ஏதோவாகப் புரியும். காப்பித்தூள் அரைத்துக் கொடுக்கும் எந்தக் கடையிலும் ‘அரபிகா’, ‘ரோபஸ்டா’ என்று பலகை தொங்குகிறது. ஏற்காட்டிலும் கொடைக்கானல் மலையிலும் விளைவது அரபிகா. நாம் கேட்டு வாங்கும் பிளாண்டேஷன் ஏ-யும் அரபிகாதான். அது செடியின் இனப்பெயர். அந்தச் செடிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. அரபு நாட்டு வழியாக ஐரோப்பியர் கைக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் பட்டியலில் ‘அரபிகா காப்பி’ ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ‘அரபுக் காப்பி’ என்று வைத்தால், படிப்பவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நாம் பெயர் தேடுவது ஒரு செய்முறைக்கும் அதோடு வரும் உபசாரத்துக்கும். கொட்டையை இளவறுவலாக வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மண்டி அடங்கியதும் ஏலக்காய் சேர்த்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல், பேரீச்சம்பழத்தோடு கொடுப்பது. சவூதியின் நடுப்பகுதியான நஜ்து பக்கத்தில் வறுவல் மிகவும் இளசு. ஊற்றும்போது வைக்கோல் நிறத்தில் இருக்கும், அதில் சிலர் குங்குமப்பூவும் கிராம்பும் சேர்ப்பார்கள். ஜோர்தான், சிரியா பாலைவனப் பக்கம் போனால் அதுவே கருத்து, கசந்து, ‘கஹ்வா சாதா’ ஆகிவிடுகிறது. ஆமாம், நம்முடைய சாதா தோசையில் உள்ள அதே சாதாதான். பாரசீகத்திலிருந்து அங்கேயும் போயிருக்கிறது, இங்கேயும் வந்திருக்கிறது.

இன்னொன்று. ‘அரபு’ என்ற அடைமொழியே இப்போது அங்கு பேச்சுக்கு உள்ளாகியிருக்கிறது. 2015இல் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து, ‘அரபுக் காப்பி, ஈகையின் அடையாளம்’ என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் இதைப் பதிய வைத்தன. 2022ஐ சவூதி ‘சவூதிக் காப்பி ஆண்டு’ என்று அறிவித்தது. உணவகங்கள் விலைப்பட்டியலில் ‘அரபுக் காப்பி’ என்று போடாமல் ‘சவூதிக் காப்பி’ என்றே போட வேண்டும் என அந்நாட்டு வணிக அமைச்சகம் உத்தரவும் போட்டது. அதே ஆண்டு ஜாஸான் மலைப்பகுதியின் கவ்லானிக் காப்பிச் சாகுபடியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அவர்களே அடைமொழியை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாம் அடைமொழியைத் தலையில் வைத்துச் சொல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடைமொழி எதுவானாலும் பின்னால் வரும் பெயர் மாறாமல் இருக்கிறது: கஹ்வா.

> கொட்டை வடிநீர் என்ற நல்ல தமிழ் இருக்க, கஹ்வா எதற்கு?

அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இங்கே பொருந்தவில்லை. வடிநீர் என்றால் வடித்தது. நம் ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கு அது அழகான சொல். கஹ்வா கொதிக்கவைத்துத் தெளியவிடுவது. சித்த மருத்துவர்கள் சொல்லும் ‘குடிநீர்’ வகைக்குத்தான் அது நெருக்கம். யேமனுக்குப் போனால் கொட்டையும் காணாமல் போய்விடும். காப்பிப்பழத்தின் காய்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்க வைக்கும் ‘கிஷ்ர்’ அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதற்கு என்ன, தோல் வடிநீரா?

கஹ்வா வேற்றுச்சொல் என்பதையும் நான் ஏற்கவில்லை. துருக்கி மொழியில் கஹ்வே, டச்சில் கோஃபி, ஆங்கிலத்தில் காஃபி, நம்மிடம் காப்பி. யாழ்ப்பாணத்து நண்பர் முன்பு ஒரு மடலில் ‘கோப்பி’ என்று எழுதியிருந்தார். அது டச்சுக்காரர் இலங்கையில் விட்டுப்போன உச்சரிப்பு. காப்பியும் கோப்பியும் கஹ்வாவின் பேரப்பிள்ளைகள்தான். பேரன் வீட்டுக்குள் இருக்கும்போது பாட்டியை வாசலில் நிறுத்த வேண்டாம்.

அரபிலேயே அந்தச் சொல் இடம் மாறி வந்ததுதான். பழைய அரபுக் கவிதையில் கஹ்வா என்றால் மது. 15ஆம் நூற்றாண்டில் யேமனின் சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூக்கம் வராமலிருக்க இதைக் குடிக்கத் தொடங்கினார்கள், பெயரும் இதற்கு வந்து சேர்ந்தது. 1511இல் மக்காவில் கயிர் பேக் என்ற அதிகாரி இதைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை.

> கஹ்வா என்றால் காஷ்மீர்த் தேநீர் அல்லவா?

இந்த மறுப்பு கனமானது. அம்மா சொன்னது முழுக்கச் சரி. வட இந்தியாவில் கஹ்வா என்று கேட்டால் குங்குமப்பூவும் பாதாமும் போட்ட பச்சைத்தேயிலைப் பானம்தான் வரும். குங்குமப்பூ, ஏலக்காய் இரண்டும் இரண்டிலும் வருவதால் குழப்பம் இன்னும் கூடும். அதனால் தலைச்சொல்லில் ‘கஹ்வா’ என்று போட்டு 1, 2 என்று பொருள் பிரிப்போம். கட்டுரைகளில் முதன்முறை வருமிடத்தில் மட்டும் ‘அரபுக் கஹ்வா’, ‘காஷ்மீர்க் கஹ்வா’ என்று அடைகொடுப்போம், அப்புறம் வெறும் கஹ்வா போதும். ‘அரபுக் கஹ்வா’வை யாரும் அரபிகாவோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

எழுத்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘ஹ’ வேண்டாம் என்பவர்கள், அஹ்மது அகமது ஆனதுபோல ‘ககுவா’ என்கிறார்கள். மரபு சரிதான், வாய்தான் ஒத்துவரவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர் பேச்சில் ‘காவா’ என்று கேட்கிறது. வளைகுடா அரபில் முதலெழுத்து மென்மையாகி ‘gahwa’ போல ஒலிப்பதை நம் வாய் அப்படிச் சுருக்கிக்கொண்டது. பேச்சு வழக்கு என்று குறித்து இதை அகராதியில் கட்டாயம் பதிய வேண்டும். ஆனால் தலைச்சொல்லாக வைக்க முடியாது. சென்னையில் காவா என்றால் கால்வாய், அதுவும் சாக்கடை ஓடும் கால்வாய். விருந்தாளிக்குக் கொடுக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

> ஏலக்காப்பி?

இனிமையான சொல். ஏலத்துக்கு அரபில் ‘ஹேல்’, நம் ஏலத்தின் உறவுச்சொல்லேதான். இடுக்கி மலையில் விளைந்து போடிநாயக்கனூர்ச் சந்தையில் கைமாறும் ஏலக்காய்க்கு வளைகுடா நெடுநாளாகப் பெரிய வாடிக்கையாளர், அண்மைப் பல பத்தாண்டுகளாக குவாத்தமாலா பெரும் போட்டிக்கு வந்திருந்தாலும். ஆனால் வீட்டில் பால் காப்பியில் இரண்டு ஏலக்காய் தட்டிப்போட்டாலும் அது ஏலக்காப்பிதான். கலைச்சொல்லாக அது நிற்காது.

சரி, பாத்திரங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தல்லா. அமீரகத்தின் ஒரு திர்ஹம் நாணயத்தைப் பார்த்தவர்களுக்கு உருவம் தெரியும். அடி அகன்று, இடை ஒடுங்கி, மேலே கோபுரம் மாதிரி கூம்பிய மூடி, பக்கவாட்டில் பிறைபோல் வளைந்த பெரிய அலகு. பித்தளை அல்லது செம்பில் செய்து உள்ளே ஈயம் பூசுவார்கள். சவூதியின் அல்-அஹ்சா வட்டாரத் தல்லாவுக்குத் தனி மதிப்பு உண்டு. இதற்குக் ‘கூஜா’, ‘கெண்டி’, ‘மூக்குச்செம்பு’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. கூஜாவுக்கு மூக்கே கிடையாது, அதை விட்டுவிடலாம். மூக்குச்செம்பும் கெண்டியும் நல்ல சொற்கள்தான், ஆனால் இரண்டிலும் மூக்கு ஒரு மெல்லிய குழாய். தல்லாவின் மூக்கு குழாயல்ல, மேல்பக்கம் திறந்த அலகு. பழைய வழக்கப்படி அந்த அலகுக்குள் பேரீச்சை நாரைச் சுருட்டி அடைப்பார்கள். மண்டி அதில் தங்கிவிடும், தெளிவு மட்டும் கிண்ணத்தில் விழும். அலகு என்ற சொல் இல்லாவிட்டால் இந்த வேலை விளங்காது. என் பரிந்துரை: தலைச்சொல் ‘தல்லா’, விளக்கச்சொல் ‘அலகுக் கெண்டி’. அருங்காட்சியகக் குறிப்பு எழுதுகிறவர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஃபின்ஜான். பிடி இல்லாத சிறு கிண்ணம். இதற்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை. பாரசீகத்துப் ‘பிங்கான்’ அரபுக்குப் போய் ஃபின்ஜான் ஆயிற்று, தமிழுக்கு வந்து பீங்கான் ஆயிற்று. அங்கே கிண்ணத்தின் பெயராக நின்றது, இங்கே கிண்ணம் செய்யும் பொருளுக்குப் பெயராகிவிட்டது. ‘பீங்கான் கிண்ணி’ என்றால் மூலச்சொல்லும் உள்ளே இருக்கிறது, உருவமும் தெரிகிறது. ‘கோப்பை’ வேண்டாம் என்பேன். அது போர்த்துக்கீசியம் என்பதற்காக அல்ல. கோப்பை என்றால் நமக்குப் பிடி வைத்த, பெரிய, தட்டோடு வரும் ஒன்று நினைவுக்கு வருகிறது.

வறுக்கும் நீண்ட பிடிக் கரண்டி, இடிக்கும் உரல் இவற்றுக்கு வறுகரண்டி, காப்பி உரல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஜோர்தானில் செதுக்கிய மர உரல் ஒன்று உண்டு, பெயர் மிஹ்பாஷ். அதில் தாளத்தோடு இடிக்கும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துக் கூடாரத்தார் வந்துவிடுவார்கள், காப்பிக்கு அழைப்பே அதுதான். இதற்கு மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்ப்போம்.

இனி, இழையில் யாரும் தொடாத ஒன்று. பொருள்களுக்குப் பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. செயல்களுக்கும் சொல் வேண்டும், அவற்றில்தான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது.

ஊற்றுபவர் நின்றபடி, இடக்கையில் தல்லா, வலக்கையில் கிண்ணி. கிண்ணியில் கால் பங்குதான் ஊற்றுவார். தீரத்தீர மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார். போதுமென்றால் வாய் திறக்க வேண்டாம், கிண்ணியை இரண்டு விரலில் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆட்டாவிட்டால் அடுத்தது வந்துவிடும். நிரம்ப ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள்படும். தமிழில் ‘கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தான்’ என்றால் பாராட்டு. ஒரு அரபுக் கதையில் அதே வரி வந்தால் அவமதிப்பு. இது அகராதிப் பதிவில் இல்லாமல் போனால் மொழிபெயர்ப்பாளர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

பாலைவன நாடோடிகளான பதூவின்களின் மரபில் கிண்ணிகளுக்கு வரிசைப் பெயர் உண்டு. விருந்தாளிக்கு முன் வீட்டுக்காரர் தானே குடித்துக் காட்டுவது ஹைஃப், நஞ்சில்லை என்ற உறுதி. விருந்தாளிக்கு முதலில் தருவது தைஃப், சுவைக்காகக் குடிப்பது கைஃப், கடைசியாகக் குடிப்பது சைஃப், அதாவது வாள். அதைக் குடித்தவர் அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தால் தோள் கொடுக்கக் கடமைப்பட்டவர். நான்கும் எதுகையோடு வருவதால் அரபுப் பெயர்களையே வைத்து, உறுதிக் கிண்ணி, விருந்துக் கிண்ணி, சுவைக் கிண்ணி, வாள் கிண்ணி என்று அருகில் எழுதலாம்.

ஜோர்தானில் பெண் கேட்டு ஊர்ப்பெரியவர்கள் போகும் ‘ஜாஹா’வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் வீட்டில் காப்பி வரும். வந்தவர்களில் தலைவர் கிண்ணியை வாங்கித் தனக்கு முன்னால் வைத்துவிடுவார், தொட மாட்டார். அவர் தொடாதவரை மற்றவர்களும் தொட மாட்டார்கள். வந்த காரியத்தைச் சொல்வார். பெண் வீட்டார் ‘காப்பியைக் குடியுங்கள், கேட்டது கிடைத்தது’ என்ற பிறகுதான் கிண்ணி வாய்க்குப் போகும். இதற்குச் சொல் தேடி நாம் அலைய வேண்டாம். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதுவேதான். ‘கை நனைக்காமை’ என்று விளக்கத்தில் ஒரு சொல் போட்டால் தமிழ் வாசகருக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பதிவின் வரைவு இது:

கஹ்வா (பெ.) 1. அரபு நாடுகளில் இளவறுவல் காப்பிக்கொட்டையை இடித்துக் கொதிக்கவைத்து, ஏலக்காய் சேர்த்து, பாலும் சர்க்கரையும் இன்றி விருந்தினருக்குப் பீங்கான் கிண்ணியில் சிறிது சிறிதாக ஊற்றித் தரும் பானம். அதைத் தரும் உபசார முறை. பே.வ. காவா. காண்க: தல்லா, கிஷ்ர், சாதா. 2. காஷ்மீரில் பச்சைத்தேயிலையில் செய்யும் நறுமணத் தேநீர்.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. வறுத்து, இடித்து, காய்ச்சி, அவையில் நின்று ஊற்றுகிற ஆளுக்கு அரபில் ‘முகஹ்வி’ என்று பெயர். ‘பரிமாறுநர்’ என்றால் பாதி வேலைதான் வருகிறது. ‘கஹ்வாக்காரர்’ என்றால் பால்காரர், டீக்காரர் வரிசையில் இயல்பாக உட்காருகிறது, ஆனால் அவையில் அவருக்குள்ள மதிப்பு அதில் வரவில்லை. யார் முதலில், யார் அடுத்து என்று பார்த்து ஊற்றத் தெரிந்தவர் அவர். கல்யாணப் பந்தி மேற்பார்வை பார்த்த அனுபவமுள்ளவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் அந்த ஆளுக்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று எழுதுங்கள், அதிலிருந்து எடுக்க முடிகிறதா பார்ப்போம்.

அன்புடன்.