புதுப்பிப்பு: செயின்ட் பூரியன் பங்கின் நெடுங்கற்களும் வயற்பெயர்களும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், செயின்ட் பூரியன் என்னும் தேவாலயப் பங்கிலுள்ள நெடுங்கற்களை, அதாவது தொல்காலத்தில் நட்டு நிறுத்திய கற்களை, பட்டியலிட்ட என் முந்தைய இழையில், கற்களை அளந்தால் போதாதா, வயல்களின் பெயர்கள் எதற்கு என்று எழுந்த கேள்விக்கே இந்தத் தொடர்ச்சி. மெர்ரி மெய்டன்ஸ் வட்டத்தின் 19 கற்களும், அதற்கு வடகிழக்கே 4 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பைப்பர்ஸ் எனும் இரு கற்களும் எவர் கண்ணுக்கும் தப்பாதவை; உழவுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்ட கல்லுக்கோ, அது நின்ற நிலத்தின் பெயரே பல இடங்களில் எஞ்சிய தடயம். தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒன்றாகச் செலுத்தப்பட்ட தசமபாகத்தைப் பணமாக மாற்றிய 1836ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரையப்பட்ட வரைபடங்களின் பதிவேடுகள், நம்மூர் அடங்கலைப் போலவே, வயல்வாரியாகப் பெயர், உரிமையாளர், பயிரிடுபவர், பரப்பளவு ஆகியவற்றைத் தருகின்றன. அதற்குள் கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷ் பேச்சுவழக்கிலிருந்து மறைந்துவிட்டதால், அம்மொழியில் அமைந்த வயற்பெயர்களின் எழுத்துக்கூட்டல் சிதைந்திருக்கிறது. ஆகவே இன்றைய உழவர்களின் உச்சரிப்பையும் தனி நிரலில் குறிக்கிறேன். பெயரில் கல் வருவதாலேயே அங்கே தொல்கல் நின்றதாகிவிடாது; மாடுகள் உராய்வதற்கெனக் கல் நடும் வழக்கமும் அப்பகுதியில் உண்டு என்பதால், அத்தகைய இடங்களை 'ஐயத்திற்குரியது' என்றே பதிகிறேன்.