யூ விசாவுக்குக் கையெழுத்து வாங்கியவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவில் குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு ஒத்துழைக்கும் வெளிநாட்டவருக்குத் தருவதுதான் யூ விசா. கலிபோர்னியாவில் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் துப்பாக்கியை நீட்டிக் கல்லாவைத் திறக்கச் சொன்னான். பணத்தை அள்ளிய பிறகும் விடவில்லை, துப்பாக்கிப் பிடியால் காதோரம் ஓங்கி அடித்துவிட்டு ஓடினான். போலீஸ் வந்ததும் வாக்குமூலம் கொடுத்தேன். பிறகு அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் போய்ப் படங்களைப் பார்த்து அடையாளம் சொன்னேன். ஆள் கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை, நாம் ஒத்துழைத்தோமா என்பதுதான் கணக்கு என்று பின்னால் இலவசச் சட்ட உதவி வக்கீல் விளக்கினார்.

யூ விசாவுக்கு உயிர்நாடி ஐ-918 சப்ளிமெண்ட் பி என்ற படிவம். போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி போன்றவர்களில் யாராவது கையெழுத்திட்டுத் தராமல் விண்ணப்பமே போட முடியாது. எனக்கு முதல் முறை மறுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டின் தலைப்பில் 211 என்று மட்டும் இருந்தது. கலிபோர்னியாவில் அது கொள்ளைக்கான பிரிவு. யூ விசாவுக்கான குற்றப் பட்டியலிலோ கொள்ளை என்ற பெயரே கிடையாது! கொடுந்தாக்குதல்தான் உண்டு. வக்கீல் அந்த ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நான் அடிபட்டதும் ரத்தம் வந்ததும் இருந்தன. அந்த வரிகளில் மஞ்சள் கோடு போட்டு, தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டையும் வைத்து, இது ஆயுதத்தால் தாக்குவதற்கான 245-ஆம் பிரிவுக்குள்ளும் வரும் என்று கடிதம் எழுதினார். அதற்கப்புறம்தான் கையெழுத்து வந்தது.

என் கேஸை விசாரித்த டிடெக்டிவ் நல்ல மனுஷர், ஆனால் அவர் போட்டால் செல்லாது. துறைத் தலைவரோ அவர் இதற்கென்று நியமித்த மேலதிகாரியோதான் போட வேண்டும். கவுண்டரில் கேட்டால் பலருக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. இன்னொன்று, சிகாகோவிலும் மாசசூசெட்ஸிலும் யூ விசா வாங்குவதற்காகவே காசு கொடுத்துக் கடையில் கொள்ளை நாடகம் போட்ட வழக்குகள் வெளிவந்த பிறகு, கடைக்காரர் என்றாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எவனோ செய்த வினை!

பதில்:
அண்ணா, என் கதை வேறு. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்தவள் நான். வீட்டில் கணவரிடம் அடி. போலீஸ் வந்த அன்று அவர்தான் சரளமாக இங்கிலீஷ் பேசினார், ரிப்போர்ட்டும் அவர் சொன்னபடியே எழுதப்பட்டது. நான் அழுதுகொண்டு நின்றேன். பிறகு டிடெக்டிவ் போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி விசாரித்தபோதுதான் கழுத்தை நெரித்தது வெளியே வந்தது. போலீஸ் துறை கையெழுத்துப் போட மறுத்தது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டோம், போட்டுக் கொடுத்தார்கள். ஓர் இடத்தில் இல்லை என்றால் இன்னோர் இடத்தில் கேட்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கு எவ்வளவு நாளில் பதில் வந்தது?

பதில்:
கலிபோர்னியாவில் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது தங்கச்சி, நாடுகடத்தல் வழக்கு ஓடினால் 7 நாள். மத்தியச் சட்டத்தில் அப்படிக் கெடு ஏதும் இல்லை, போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் முதலில் அங்கே சட்டம் எப்படி என்று பாருங்கள்.

கையெழுத்தான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் சொந்த வாக்குமூலம், மனநல ஆலோசகர் கடிதம் எல்லாவற்றையும் முன்பே தயார் செய்து வைத்துவிட்டுக் கையெழுத்துக்குப் போங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு வருஷக்கணக்கில் காத்திருப்புதான். வருஷத்துக்கு 10,000 பேருக்குத்தான் விசா, வரிசையோ அனுமார் வால். 2021-இலிருந்து, மனு உண்மையானது என்று முதல்கட்டமாகத் தெரிந்தால் இடையிலேயே வேலை அனுமதி கொடுக்கிறார்கள். நான் இப்போது அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.