மிஷினுக்கு அடியில ஆயிலு

(சொந்தபந்தம் குழு, சனிக்கிழமை)

அண்ணன் உச்சிப்புளி: மரம் அறுக்குற மிஷின் பத்தி தெரிஞ்சவுக யாராச்சும் சொல்லுங்க, நேத்து தோப்பு ஓரத்துல கருவை வெட்டிட்டு சாயங்காலம் தகரக் கொட்டகையில வச்சேன் காலைல பாத்தா கீழ ஆயிலு ஓடிக் கிடக்கு. செயினுக்கு ஊத்துற ஆயிலுதான், பெட்ரோல் வாடை இல்ல

அண்ணன் உச்சிப்புளி: (போட்டோ)

மதினி: நெல்லு மூடை வரைக்கும் வந்துருச்சு, அதையும் போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்க

மண்டபம் சித்தப்பா: பம்பு போச்சுப்பா. சீல் அவுட்டு

அண்ணன் உச்சிப்புளி: கடையிலயும் அதான் சித்தப்பா சொல்றாக, போன்லயே சொல்லிட்டாக. கிளட்ச கழட்டி பம்பு மாத்தணுமாம்

துபாய் தம்பி: அண்ணே கடைக்கெல்லாம் போகாத, கிளட்ச் நாமளே கழட்டலாம் வீடியோ இருக்கு அனுப்பவா

சாயல்குடி மாமா: ஏ யாரும் எதையும் கழட்டாதீக. வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், வர்றேன்

சாயல்குடி மாமா: ம் சொல்லு மாப்ள. முதல்ல ஒண்ணு, இது உள்ளயே சுத்துற ஆயிலு கிடையாது. செயின் ஓட ஓட பாருல, அதான் செயின் சுத்துற நீட்டுத் தகடுல, பூசிட்டு மரத்தூளோட வெளிய போயிரும், அம்புட்டுதான் அதோட வேல. அதனால வெட்டி முடிச்சு கீழ வச்சா பாரு ஓரத்துப் பள்ளத்துல, அந்தக் காடியில நிக்கிறது, சைடு மூடிக்குள்ள தூளோட அப்பிக் கிடக்குறது எல்லாம் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். உள்ளங்கை அகலம்னா கண்டுக்காத. டேங்க்ல எம்புட்டு குறைஞ்சிருக்கு அதச் சொல்லு

அண்ணன் உச்சிப்புளி: முக்கா டேங்க் இருந்துச்சு மாமா, இப்ப அடியில கிடக்கு

சாயல்குடி மாமா: அப்ப பாக்கத்தான் வேணும். சரி வெட்டும்போது ஒரு டேங்க் பெட்ரோல் தீந்தா ஆயிலு எம்புட்டு தீருது?

அண்ணன் உச்சிப்புளி: வாங்குன புதுசுல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத் தீரும். இப்ப பெட்ரோல் தீந்தாலும் ஆயிலு பாதிக்கு மேல நிக்குது, நல்லதுதானன்னு விட்டுட்டேன்

சாயல்குடி மாமா: எங்கிட்டு நல்லது. ஓடுறப்ப போக வேண்டியது போகல, சும்மா கிடக்குறப்ப போகுது. செயின் காஞ்சு ஓடுது மாப்ள, பாரு ஓரம் நீலம் பாஞ்சிருக்கான்னு பாரு

மண்டபம் சித்தப்பா: அதான் மச்சான் நானும் சொல்றேன், தள்ளலன்னா பம்புதான

சாயல்குடி மாமா: தள்ளுது மச்சான், போக வழி இல்ல. பாருல ஆயிலு போற சின்ன ஓட்ட இருக்கு, அதுல தூளும் ஆயிலும் சேந்து களி மாதிரி அப்பிக்கிரும், அப்புறம் பம்பு தள்ளுற ஆயிலு காடிக்குள்ள போகாம பக்கத்துல பிதுங்கி மூடிக்கு கீழ வடியும். காஞ்ச கருவைல தூளு பொடிப்பொடியா வரும்ல. எங்க ஊர்ல கரிமூட்டத்துக்கு வெட்டுற பயலுக மிஷின தூக்கிட்டு வந்து ஒழுகுதும்பானுக, பாதி மிஷின்ல இதான். 2018ல கஜா புயலுக்கு அப்புறம் பட்டுக்கோட்டைப் பக்கம் சாஞ்ச தென்னைய அறுக்கப் போனோம்ல, அங்க தூளு இல்ல நாரு, மூடியத் திறந்தா உள்ள ஆயில் குடிச்ச நாரு உருண்டையா வரும்

அண்ணன் உச்சிப்புளி: சரி மாமா இப்ப என்ன செய்ய

சாயல்குடி மாமா: ஸ்பார்க் பிளக் கேப்ப புடுங்கிட்டு அப்புறந்தான் கைய வைக்கணும், இத மறக்காத. பாரு செயின் ரெண்டையும் எடு, செயின வெறுங்கையால புடிக்காத. காடிய உடைஞ்ச ஹாக்சா பிளேடு துண்டு வச்சு இழு, ஓட்டைய கம்பி விட்டுக் குத்து. பாடில ஆயிலு வர்ற வாய், அடிப்பக்கம் எல்லாத்தையும் மண்ணெண்ணெய தொட்டு பிரஷ் போட்டு சுத்தமாத் துடை, அழுக்கோட பாத்தா எல்லா இடமும் ஒழுகுற மாதிரித்தான் தெரியும். அப்புறம் டேங்க நிரப்பி பாரு மாட்டாம தினத்தாள் மேல நிழல்ல வை. எந்த இடத்துக்கு நேரா கறை விழுகுதுன்னு சொல்லு

துபாய் தம்பி: மாமா அப்ப கிளட்ச்

சாயல்குடி மாமா: அதத் தொடாத. அதுல மரை தலைகீழ், வழக்கமா கழட்டுற பக்கம் திருப்புனா இன்னும் இறுகும். ஸ்குரூ டிரைவர வச்சு சுத்தியலால அடிச்சு உடைச்சவன் எல்லாம் எனக்குத் தெரியும்

சாயல்குடி மாமா: ஆமா போட்டோல ஆயிலு ஏன் கருப்பா இருக்கு

அண்ணன் உச்சிப்புளி: பைக் சர்வீஸ் கடையில வடிச்ச ஆயிலு மாமா. எல்லாரும் அதான ஊத்துறாக

சாயல்குடி மாமா: எல்லாரும் ஊத்துறாக, எல்லாரும் பாரு மாத்துறாக. அதுல இரும்புத் தூளு கிடக்கும், பம்பையும் தின்னும் பாரையும் தின்னும். தண்ணியா வேற இருக்கும், செயின்ல ஒட்டாது, நம்ம வெயிலுக்கு இன்னும் இளகி எந்தச் சந்துலயும் இறங்கிரும். செயின் ஆயில விரல்ல தொட்டு இழுத்துப் பாரு, நூலு வரும், அதுக்குத்தான் அந்தக் காசு

மதினி: அப்படியே வாசப்பக்கம் நிக்கிற மொட்டப் பனையையும் அறுத்து விடச் சொல்லுங்க அண்ணே, பயமா இருக்கு

சாயல்குடி மாமா: பனையில கைய வைக்காதம்மா, கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாக. எழுதிக் குடுத்துட்டு வெட்டுங்க

அண்ணன் உச்சிப்புளி: மாமா சொன்ன மாதிரி செஞ்சேன். ஓட்ட நெசமாவே அடைச்சுக் கிடந்துச்சு. நிழல்ல வச்சதுல தினத்தாள்ல ஒரு பொட்டுக் கூட இல்ல

மண்டபம் சித்தப்பா: முடிஞ்சது

அண்ணன் உச்சிப்புளி: இருங்க சித்தப்பா. அதத் தூக்கி மறுபடி கொட்டகையில வச்சேன், மத்தியானம் பாத்தா ஆயிலு வர்ற வாய்ல சொட்டு நிக்குது. ஆயில் டேங்க் மூடியத் திறந்தா புஸ்ஸுங்குது, திறந்ததும் சொட்டு நின்னுருச்சு

சாயல்குடி மாமா: ஆங் அதான் மிச்சக் கதை. நிழல்ல தினத்தாள் காஞ்சு கிடந்தா டேங்குலயும் விரிசல் இல்ல உள்ள இருக்குற டியூபுலயும் விரிசல் இல்ல, இருந்திருந்தா நிழலு வெயிலு பாக்காது. தகரத்துக்கு அடியில சூடு ஏறி டேங்க்குள்ள காத்து விரியுது, அது ஆயில பம்பு வழியா வெளிய தள்ளுது. நேத்து வெட்டுன சூட்டோட கொண்டுபோய் வேற வச்சிருக்க. ஆயிலு குறையக் குறைய காத்து உள்ள போறதுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கும், சில மிஷின்ல அது உள்ள விடும் வெளிய விடாது. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். தேடிப் பாரு ஆனா ஊசி போட்டுக் குத்தாத, ரப்பர் கிழிஞ்சா அப்புறம் நெசமாவே ஒழுகும். மேலாப்புல துடைச்சா போதும்

அண்ணன் உச்சிப்புளி: அப்ப இனிமே?

சாயல்குடி மாமா: வேல முடிஞ்சதும் ஆற விட்டு மூடிய ஒருக்கா திறந்து காத்த விட்டுட்டு மூடு. நாலு நாளைக்கு எடுக்க மாட்டன்னா ஆயில வடிச்சிட்டு வீட்டுக்குள்ள வை. இப்ப பாரு செயின மாட்டி வெள்ளச் சாக்குக்கு நேரா பாரு முனைய ஒரு சாண் தள்ளிப் புடிச்சு ஆக்சிலேட்டர் குடு. பாரு மாட்டும்போது தலைகீழாத் திருப்பி மாட்டு, ரெண்டு பக்கமும் சமமாத் தேயும்

மண்டபம் சித்தப்பா: கடல்ல போற போட்டு எஞ்சினா இருந்தா பம்புதான். நான் சொன்னது அதுக்கு

அண்ணன் உச்சிப்புளி: சாக்குல ஆயிலு கோடாத் தெறிக்குது மாமா!! கடைக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன்

சாயல்குடி மாமா: சரி ராம்நாட்ல யாரு இருக்கா, ஆயிலு வாங்க

ராம்நாடு தம்பி: நான்தான் மாமா பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கேன். செயின் ஆயிலுன்னு கேட்டா பைக் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரேய நீட்டுறாரு

சாயல்குடி மாமா: மரம் அறுக்குற மிஷின் பாருக்குன்னு கேளு. பம்புசெட், பவர் டில்லர் சாமான் விக்கிற கடைக்குப் போ. இல்லவே இல்லன்னா புது 20டபிள்யூ40 எஞ்சின் ஆயிலு வாங்கிட்டு வா, இன்னைக்கு ஓட்டிக்கலாம். அப்படியே ஆயில் டேங்க் மூடிக்கு ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம் ஒண்ணு, பழைய மூடியக் காட்டாம வாங்காத, சைசு மாறிரும்

ராம்நாடு தம்பி: மூடி உச்சிப்புளியிலல்ல இருக்கு மாமா

சாயல்குடி மாமா: அப்ப ஆயிலு மட்டும் வாங்கு

ராம்நாடு தம்பி: ஒரு லிட்டர் வாங்கிட்டேன். அண்ணே பில்லு அனுப்புறேன் ஜிபே போட்டு விடுங்க